ஷின்-யோகொஹாமா, ஆறாவது மாடி

ஷின்-யோகொஹாமா ரயில் நிலையத்துக்கு இரண்டு முகம். வடக்கு வாசலில் இறங்கினால் கண்ணாடிக் கட்டடங்கள், உருளையாக எழுந்து நிற்கும் பிரின்ஸ் ஹோட்டல், அகலச் சாலைகள், கழுத்தில் அடையாள அட்டை ஆட விரைகிற பொறியாளர்கள். தெற்கே ஷினோஹரா வாசலில் இறங்கினால் காய்கறித் தோட்டம், சைக்கிள்கள், பழைய வீடுகள். 1964 அக்டோபரில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே புல்லட் ரயில் ஓடத் தொடங்கியபோது வயல்களுக்கு இடையில் கட்டிய நிலையம் அது. வேக ரயிலை வளைத்து நகரத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், பழைய யோகொஹாமா லைன் குறுக்கிடுகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். துறைமுகத்தையும் சைனா டவுனையும் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியோடு அங்கே இறங்கி, 'கடல் எங்கே?' என்று விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடல் இன்னொரு ரயில் தூரத்தில் இருந்தது.

வடக்குப் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் 1997 முதல் 2002 வரை வேலை பார்த்தேன். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் ஜப்பானியக் கிளை. தலைமையகம் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில். பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது, அதனால் சொல்லப்போவதில்லை. ஜப்பானியச் சட்டத்தின் கண்ணில் நாங்கள் தனிக் கம்பெனி. தனித் தலைவர், தனிக் கணக்கு வழக்கு, பதிவு செய்த தனி முத்திரை எல்லாம் உண்டு. பங்குகள் மட்டும் முழுக்க முழுக்க சான் ஹோசேயில் இருந்தன.

சிப் வடிவமைப்பு மென்பொருள் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்த வட்டாரத்தில் கூடு கட்டியதற்குக் காரணம் உண்டு. டோக்கியோவை விட வாடகை குறைவு. ஒசாகா அடங்கிய கான்சாய் பக்கத்து வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலிலேயே ஷின்கான்சென் என்கிற அந்தப் புல்லட் ரயில். பக்கத்தில் நம்பு லைன். கவாசாகியிலிருந்து தச்சிகாவா வரை ஓடுகிற, பார்க்கச் சாதாரணமான அந்தப் புறநகர் ரயில்தான் எங்கள் தொழிலின் ராஜபாட்டை. முகாய்கவாரா நிலையத்தில் இறங்கினால் எதிரே என்இசி-யின் தாமாகவா தொழிற்சாலை. இன்னும் கொஞ்சம் போய் முசாஷி-நாகஹராவில் இறங்கினால் ஃபுஜித்சு. 1988 வாக்கில் உலகத்தில் விற்ற செமிகண்டக்டரில் ஏறக்குறையப் பாதி ஜப்பானுடையது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த உச்சம் கடந்துவிட்டிருந்தது. ஆனால் நம்பு லைனில் வருகிறவர்கள் முகத்தில் அது தெரியவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சரக்கு. சிப் வடிவமைப்பவர் முதலில் வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் சுற்று என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவார். இன்னொரு மென்பொருள் அதை லட்சக்கணக்கான லாஜிக் கேட்களாக மாற்றித்தரும். பிறகு வேகத்துக்காக, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, கடைசி நேரத் திருத்தங்களுக்காகப் பலர் அதில் கைவைப்பார்கள். கடைசியில் கையில் இருப்பது முதலில் எழுதியதுதானா? பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூலத்தையும் நகலையும் வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பார்களே, அந்த வேலையை எங்கள் டூல் கணித நிரூபணமாகச் செய்தது. ஓட்டிப் பார்த்துச் சோதிக்கலாமே என்று கேட்கலாம். 32 பிட் எண்கள் இரண்டைப் பெருக்குகிற சுற்றை எல்லா எண்களையும் கொடுத்துச் சோதிக்க, விநாடிக்கு நூறு கோடி சோதனை செய்தாலும் 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதை விற்றுக்கொடுத்தது பயம். 1994 இறுதியில் இன்டெலின் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்பது வெளியே வந்தது. உள்ளே ஓர் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் போனதுதான் காரணம். அதற்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அந்தக் குறையை எங்கள் டூல் பிடித்திருக்குமா என்றால், பிடித்திருக்காது. அது வேறு வகைக் குறை. ஆனால் எங்கள் விற்பனையாளர் எல்லாக் கூட்டத்தையும் பென்டியத்தில்தான் தொடங்குவார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

டூலின் பலவீனம் எங்களுக்குத்தான் தெரியும். ராண்டல் பிரையன்ட் 1986-இல் வெளியிட்ட முடிவு-வரைபட முறை அதன் அடித்தளம். கூட்டல் சுற்று என்றால் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். பெருக்கல் சுற்று வந்தால் வரைபடம் ஊதிப் பெருத்து நினைவகத்தை விழுங்கிவிடும். மாறிகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் பெருக்கலுக்கு இந்தக் கதிதான் என்பதை பிரையன்டே நிரூபித்திருக்கிறார். ஜப்பானியர்கள் அப்போது செய்துகொண்டிருந்ததோ டிஜிட்டல் கேமரா, கேம் கன்சோல், கைப்பேசி. படமும் ஒலியும் கையாளுகிற சிப்புகள், உள்ளே பெருக்கல் சுற்றுகள் குவிந்து கிடக்கும். சான் ஹோசே அனுப்பிய விளக்கக்காட்சியில் ஒரு பெருக்கல் கூட இல்லாததை முதல் வாரத்திலேயே கவனித்தேன்.

கிளையில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானில் வெளிநாட்டுக் கம்பெனியில் சேருவது நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்கிற காரியம் அல்ல. பெரிய கம்பெனியில் நுழைந்தால் ஓய்வு பெறும்வரை கவலை இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் சம்பளம் கூட, ஆனால் அமெரிக்காவில் யாரோ காலையில் எழுந்து முடிவு செய்தால் மாலையில் கடை மூடிவிடும். அப்படியிருந்தும் வந்தவர்கள் ஏதோ ஒரு காரணத்தோடு வந்தவர்கள். எங்கள் தொழில்நுட்பத் தலைவர் பெரிய செமிகண்டக்டர் கம்பெனி ஒன்றில் இருபது வருடம் சுற்று வடிவமைத்தவர். நிர்வாகப் பதவிக்கு உயர்த்தினார்கள். சுற்றைத் தொட முடியாது என்று தெரிந்ததும் வெளியே வந்துவிட்டார். இங்கே பழையபடி சுற்றைத் தொட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மூத்தவராகத்தான் நடத்தினோம். அவரே பெரியவர் என்ற பெயரில் இந்தக் கட்டுரையில் இருக்கட்டும்.

இன்னொருவர் கணிதப் பட்டதாரிப் பெண். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவரைப் பொதுப் பிரிவில் எடுத்திருந்தார்கள். சீருடை, டீ, நகல் எடுப்பது, கல்யாணம் ஆனதும் விலகுவது என்று அந்தப் பிரிவுக்கு எழுதாத விதிகள். 1986-இல் சமவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும், ஆண்களுக்கு ஒரு தடம், பெண்களுக்கு இன்னொரு தடம் என்று பெயரை மாற்றி அதே முறையைத் தொடர்ந்தார்கள். 1999 ஏப்ரலில்தான் திருத்தச் சட்டம் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாரபட்சத்தைத் தடை செய்தது. எங்கள் டூலின் ஜப்பானியக் கையேட்டை எழுதியவர் அவர். சான் ஹோசேயின் ஆங்கிலக் கையேட்டில் இல்லாத இரண்டு அத்தியாயங்கள் அதில் இருந்தன: டூல் எப்போது திணறும், திணறினால் என்ன செய்யலாம். ஜப்பானியப் பெரிய கம்பெனிகள் வீணடித்த பெண்களை எடுத்துத்தான் வெளிநாட்டுக் கிளைகள் பல அங்கே காலூன்றின. இது பற்றி யாரும் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை.

அந்தப் பெண்களின் அனுபவத்தில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. வாடிக்கையாளர் கூட்டத்தில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளும்போது என் முறை கடைசியில்தான் வரும். மொழிபெயர்ப்பாளர் என்று நினைப்பார்கள். புடவைக்காரப் பெண் மொழிபெயர்க்க எந்த மொழி பேசுவாள் என்று யோசிக்கவில்லை போலும். (புடவை கட்டிப்போனது சில விழா நாட்களில் மட்டும். ஆனால் அவர்கள் நினைவில் எப்போதும் புடவையில்தான் இருந்தேன்.) கார்டில் 'பொறியாளர்' என்று படித்ததும் ஒரு சிறு மௌனம்; பிறகு கேள்விகள் நேராக என்னிடம் வரத் தொடங்கும். அந்தக் கேள்விகளில் மரியாதை குறைந்ததே இல்லை. இன்னொன்று, நம் ஊரில் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்ததால், அங்கே இருந்த காலம் முழுவதும் என்னை எல்லோரும் அப்பா பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். என் முத்திரையிலும் கத்தகானா எழுத்தில் அப்பாதான் இருந்தார். திருச்சியில் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவர், ஜப்பானிய செமிகண்டக்டர் கம்பெனிகளின் பழுது அறிக்கைகளில் சிவப்பு மையில் நூற்றுக்கணக்கான இடத்தில் இருக்கிறார்.

நேரம்தான் எங்களுக்குப் பெரிய இம்சை. குளிர்காலத்தில் சான் ஹோசேக்கும் எங்களுக்கும் பதினேழு மணி நேர வித்தியாசம். இங்கே செவ்வாய் காலை ஒன்பது என்றால் அங்கே திங்கள் மாலை நான்கு. ஒரு மணி நேரம் பேசலாம். பிறகு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், ஜப்பான் தள்ளாது. இருந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அதனால் ஏப்ரல் பிறந்தால் எட்டு மணிக்கே அலுவலகத்தில் இருப்போம். எங்கள் திங்கள் அவர்களுக்கு ஞாயிறு. அவர்களுடைய வெள்ளி எங்களுக்குச் சனி. வாரத்தில் நான்கு நாள்தான் தொலைபேசியில் ஆள் கிடைப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர்களின் ஒரு வாரக் கேள்விகளை அடக்க வேண்டும்.

கேள்விகள் எப்படிப்பட்டவை என்பதில்தான் எல்லாமே இருந்தது. அமெரிக்க வாடிக்கையாளர் பழுது சொன்னால், 'எப்போது சரியாகும்?' என்று கேட்பார். அடுத்த வெளியீட்டில் சரியாகும் என்றால் அவருக்குப் போதும். ஜப்பானிய வாடிக்கையாளருக்கு அது போதாது. ஏன் வந்தது, இனி வராமல் இருக்க என்ன செய்தீர்கள், இதே தவறு உங்கள் மென்பொருளில் வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். கேள்விகள் ஃபேக்ஸில் வரும், கையால் வரைந்த சுற்றுப்படத்தோடு. வலது மேல்மூலையில் மூன்று கட்டங்கள், மூன்று முத்திரைகள்: எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். நம் பதிலிலும் அதே மூன்று முத்திரை இருக்க வேண்டும்.

இதை சான் ஹோசேக்குப் புரியவைப்பது தனி வேலை. 'பக் சரியாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும்?' என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டிக்காரர்கள், வேகமானவர்கள், ஒரு பழுதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகத் தெரிந்தவர்கள். புதிதாக ஒன்றைச் செய்ய அந்தக் குணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்ததை இன்னொருவர் கையில் கொடுத்து, 'இதை நம்பி உன் சிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பு' என்று சொல்ல வேறு குணம் வேண்டும்.

1999 இலையுதிர் காலத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கேமரா சிப் ஒன்றை முடித்து டேப்-அவுட்டுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு, தயாராக வைத்திருந்தார். எங்கள் டூல் ஒரு பகுதியைக் காட்டி, மூலமும் கேட் வடிவமும் ஒன்றல்ல என்றது. அவர்களுடைய சிமுலேட்டரோ எல்லாச் சோதனையிலும் இரண்டும் ஒன்றே என்றது. யார் சொல்வது சரி? எங்கள் டூல் சரியென்றால் சிப்பில் தவறு; தேதி தள்ளிப்போகும். சிமுலேட்டர் சரியென்றால் எங்கள் டூல் குப்பை.

வடிவமைப்பு ரகசியம் என்பதால் கோப்பை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சிக்கல் வருகிற சிறு பகுதியை மட்டும் வெட்டி, பெயர்களை மாற்றி, தங்கள் குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டுக் கொடுத்தார்கள். அனுப்பினோம். மறுநாள் காலை சான் ஹோசேயின் பதில் வந்தது: 'இங்கே ஓட்டிப் பார்த்தோம். இரண்டும் ஒன்றே என்று வருகிறது. பழுது எதுவும் இல்லை.' வாடிக்கையாளர் மறுபடி ஓட்டினார். பழுது இருந்தது. மறுபடி அனுப்பினோம், அங்கே இல்லை. இப்படியே போனது. 'அவர்கள் இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு' என்று சான் ஹோசே முடிவு கட்டியது. அதை வாடிக்கையாளரிடம் சொல்ல எங்கள் கிளைத் தலைவர் மறுத்துவிட்டார்.

பெரியவர் அனுமதி வாங்கி, அவர்கள் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார். நானும் கூடப் போனேன். பார்வையாளர் அறையில் ஒரு சன் யூனிக்ஸ் இயந்திரம், எங்களுக்கு எதிரே அவர்களுடைய பொறியாளர்கள் மூவர், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. பெரியவர் டூலைத் தொடவே இல்லை. முதலில் மூலக்கோப்பை அச்சிட்டுத் தரச் சொன்னார். பென்சிலை வைத்துக்கொண்டு, டூல் தான் படித்ததாகச் சொன்ன வரிகளையும் காகிதத்தில் இருந்த வரிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். வெகுநேரம் கழித்து, 'ஒரு வரி காணவில்லை' என்றார். காகிதத்தில் இருந்த ஒரு வரியை டூல் படிக்கவே இல்லை. அதற்கு முந்தைய வரி ஒரு ஜப்பானியக் குறிப்பு. அந்தக் குறிப்பை அழித்துவிட்டு ஓட்டச் சொன்னார். இரண்டும் ஒன்று என்று வந்தது. திரும்ப எழுதி ஓட்டினால் வேறு என்றது. குறிப்பின் கடைசி எழுத்தை மட்டும் அழித்தார். ஒன்று என்றது. அறையில் யாரும் பேசவில்லை.

அன்றைய முறைகளில் ஜப்பானிய எழுத்தைக் கணினியில் வைக்க ஓர் எழுத்துக்கு இரண்டு எண்கள் தேவைப்பட்டன. யூனிக்ஸ் இயந்திரங்களில் வழக்கமாக இருந்த முறையில் இந்த இரண்டும் ஆங்கில எழுத்துகளின் எண்களோடு மோதாதவை. தனிக் கணினிகளில் இருந்த ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் சில எழுத்துகளின் இரண்டாவது எண் 92-ஆக வரும். ஆங்கில அட்டவணையில் 92 என்றால் பின்சாய்வுக் கோடு. (ஜப்பானியத் திரையில் அது யென் நாணயக் குறியாகத் தெரியும் என்பது வேறு கதை.) வரியின் கடைசியில் பின்சாய்வுக் கோடு இருந்தால், 'இந்த வரி முடியவில்லை, அடுத்த வரியையும் சேர்த்துக்கொள்' என்று எங்கள் டூல் எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டதால் குறிப்புக்கு அடுத்து வந்த உண்மையான சுற்று வரியும் குறிப்பாகிக் காணாமல் போனது. அட்டவணையைக் குறிக்கும் சாதாரணமான ஓர் எழுத்து, வரியின் கடைசியில் வந்து உட்கார்ந்ததுதான் விஷயம். அந்த ஒரு கோப்பை மட்டும் யாரோ இளைஞர் தன் மேசைக் கணினியில் திருத்தியிருக்கிறார். ரகசியத்துக்காகக் குறிப்புகளை அழித்து அனுப்பியபோதெல்லாம் பழுதையும் சேர்த்து அழித்துத்தான் அனுப்பியிருக்கிறோம்.

சான் ஹோசேக்குச் சொன்னோம். பதில்: 'ஜப்பானியக் குறிப்புகளை நீக்கிவிடச் சொல்லுங்கள்.' பெரியவர் அதைப் படித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் அவ்வளவுதான். பிறகு இரண்டாவது எண் 92-ஆக வரும் எழுத்துகள் அனைத்தையும் பட்டியலிட்டார். கணிதப் பட்டதாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனைக் கோப்பு எழுதினார். வரி இறுதி, மேற்கோளுக்குள், பெயருக்குள் என்று டூலில் வேறு எங்கெல்லாம் இதே கதி நேரும் என்று நான் தேடினேன். இன்னும் மூன்று இடங்களில் நேர்ந்தது. எல்லாவற்றையும் கட்டி அனுப்பினோம். அங்கே ஒரு நிரலாளர், ஆங்கிலம் தவிர வேறு மொழியில் குறிப்பு எழுதுவார்கள் என்றே அதுவரை அறியாதவர், ஒரே நாளில் திருத்தித் தந்தார். வாடிக்கையாளருக்குப் போன பதில் அறிக்கையில் மூன்று முத்திரை. சிப் குறித்த தேதியில் போனது. அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடம் கூடுதல் லைசென்ஸ் வாங்கினார். சான் ஹோசேயில் விற்பனைப் பிரிவுக்கு அதற்காகப் பரிசு கொடுத்தார்கள்.

வேலைக்கு வெளியே சொல்லக்கூடியவை குறைவு, ஏனென்றால் வேலைக்கு வெளியே நேரமும் குறைவு. குடியிருந்தது அடுத்த நிலையமான கிகுனாவில். வந்த புதிதில் ஓகுராயாமாவிலிருந்த கோஹொகு வார்டு அலுவலகத்தில் அயல்நாட்டவர் பதிவுக்கு விரல்ரேகை வைத்தேன். 2000-இல் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட பாடு எல்லோரும் எழுதியதுதான். மீனைக் கண்ணால் காணாவிட்டாலும் குழம்பில் அது கரைந்திருக்கும். 1994-இல் திறந்த ராமென் அருங்காட்சியகம் எங்கள் தெருவில்தான். 1958-ஆம் வருடத்து டோக்கியோ வீதி ஒன்றைத் தரைக்குக் கீழே அப்படியே கட்டி, சுற்றிலும் நூடுல்ஸ் கடைகள் வைத்திருப்பார்கள். விருந்தினர் வந்தால் அங்கே அழைத்துப் போய், எல்லோரும் பன்றிச் சாறு குடிக்க, நான் மட்டும் பழைய சினிமா போஸ்டர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெருங்காயமும் துவரம்பருப்பும் வாங்க ஞாயிற்றுக்கிழமை உவேனோவின் அமேயோகோ சந்தைக்குப் போக வேண்டும்.

1998-இல் 'முத்து' ஷிபுயாவில் திரையிடப்பட்டது. 'நடனமாடும் மகாராஜா' என்று ஜப்பானியத் தலைப்பு. அதுவரை இந்தியா என்றால் கறியும் கணிதமும் என்று இருந்த அலுவலகம் தலைகீழாக மாறியது. வரவேற்பில் இருந்த பெண் மூன்று தடவை பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் எல்லா ஆண்களும் துண்டை அப்படித்தான் சுழற்றுவார்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் டிசம்பர் விருந்தில் பெரியவர் மேசை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றதற்கு என் பதிலும் ஒரு காரணம். சுற்றை விட்டு வேறொன்றைப் பற்றி அவர் ஆர்வம் காட்டியதே அப்போதுதான்.

2001-இல் காற்று மாறியது. இணையக் குமிழி உடைந்து, நம்பு லைன் கம்பெனிகள் எல்லாம் பெரும் நஷ்டம் காட்டி ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு அறிவித்தன. ஓய்வு வரை கவலை இல்லை என்று இருந்தவர்கள் எங்கள் விசிட்டிங் கார்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள். 2002-இல் எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. செய்தி சான் ஹோசேயின் வெள்ளிக்கிழமை மாலை வெளியானது; அதாவது எங்களுக்குச் சனிக்கிழமை காலை. அலுவலகத்தில் யாரும் இல்லை. வாங்கியவர்களிடம் அதே வேலைக்கு வேறொரு டூல் ஏற்கெனவே இருந்தது. எங்கள் நிரலாளர்களும் வாடிக்கையாளர் பட்டியலும்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டன. கிளையைத் தங்கள் ஜப்பானியக் கிளையோடு இணைத்தார்கள். பழுது அறிக்கைக் கோப்புகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, 'ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும் அனுப்புங்கள்' என்று பதில் வந்தது. பெட்டி பெட்டியாக இருந்தவை பெரும்பாலும் ஜப்பானியத்தில். பொருளடக்கம் தயாரித்து, பத்திரமாக வைக்கும்படி கட்டட நிர்வாகத்திடம் ஒப்படைத்தோம். அவை பிறகு எங்கே போயின என்று விசாரிக்க ஆளில்லை.

அந்த ஜூன் 30 அன்று, கொஞ்ச தூரத்தில் இருந்த யோகொஹாமா மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ரொனால்டோ இரண்டு கோல் போட்டு பிரேசில் ஜெர்மனியை வென்றது. சுருமி ஆறு பெருகினால் வெள்ளம் வாங்க ஒதுக்கிய தாழ்நிலத்தில் தூண்கள் மேல் நிற்கிற மைதானம் அது. நிலையத்திலிருந்து மைதானம் வரை மஞ்சள் சட்டைகள். மேசைகளைக் காலி செய்ய வந்திருந்த நாங்கள் ஜன்னலோரம் நின்று அவர்களைப் பார்த்தோம்.

என்இசி-யும் ஹிட்டாச்சியும் நினைவக வியாபாரத்தைச் சேர்த்து 1999-இல் தொடங்கிய எல்பிடா 2012-இல் திவாலாகி அமெரிக்க மைக்ரானுக்குப் போனது. மற்ற பல சிப் பிரிவுகள் ரெனெசாஸ் என்ற ஒரே பெயருக்குள் அடங்கின. ஜப்பானிய செமிகண்டக்டர் கம்பெனிகள் கூடி, வடிவமைப்பு ஆராய்ச்சிக்காக 1995-இல் தொடங்கிய, எங்கள் வட்டாரத்தில் இருந்த ஸ்டார்க் அமைப்பும் 2016-இல் கலைக்கப்பட்டது. சிப் எழுதும்போது தவிர்க்க வேண்டியவை இவை என்று அவர்கள் வெளியிட்ட விதித் தொகுப்பு பெங்களூரிலும் சென்னையிலும் வடிவமைப்பாளர்கள் மேசையில் இருந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர்கள் பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஜப்பானியர்கள் ஏன் தோற்றார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். அளவுக்கு மீறிய தரம் பார்த்ததால்தான் என்பது அதில் ஒன்று. நினைவக விலைப் போட்டியில் அது உண்மையாக இருக்கலாம். முத்திரைகளுக்காக நாள்கணக்கில் காத்திருந்ததையும், எதையும் முடிவு செய்யாத கூட்டங்களையும் நானும் பார்த்தவள்தான். ஆனால் எங்கள் டூல் ஓரளவுக்காவது நம்பத்தகுந்ததாக ஆனது அந்தக் கேள்விகளால். இன்னும் எத்தனை வெளிநாட்டு மென்பொருள்கள் அவர்களுடைய ஃபேக்ஸ்களால் பிழைத்தன என்பது அந்தந்தக் கிளைகளில் இருந்தவர்களுக்கே தெரியும்.

2023 மார்ச்சில் தோக்யூ ரயில் ஷின்-யோகொஹாமா வரை வந்துவிட்டது. கிகுனாவில் மாற வேண்டியதில்லை. பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். கணிதப் பட்டதாரி சிப் பரிசோதனை ஆலோசனை நிறுவனம் ஒன்றைச் சொந்தமாக நடத்துகிறார். சீருடை கிடையாது, டீயை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களை வாங்கிய கம்பெனி அப்போது வெளியிட்ட அறிவிப்பின் கடைசிப் பத்தியில், வாங்கப்பட்ட நிறுவனத்துக்கு 'ஜப்பானில் ஒரு விற்பனை அலுவலகம்' இருப்பதாக ஒரு வரி இருந்தது. அது தவறு. விற்பனைக்கு எங்களிடம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த டூல் எங்கே பொய் சொல்லும், ஏன் சொல்லும் என்று தெரிந்தவர்கள் ஷின்-யோகொஹாமாவில்தான் இருந்தார்கள். சான் ஹோசேயில் இல்லை.